ராஜா மூசா பக்கம் மறுபடியும் புகை: காட்டை அழித்தது யார்?

பெர்ஜுந்தை_பையன் (இழையைத் தொடங்கியவர்)

இந்த வாரம் முழுக்க நம் சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தையில் சாயங்காலம் ஆனால் புகை வாடை. துணி காயப்போட முடியவில்லை, அம்மாவுக்கு இருமல் நிற்கவில்லை. ராஜா மூசா காப்புக்காட்டுப் பக்கம் காம்புட் (சதுப்பு) மண் எரிகிறது என்று பொம்பாவில் (தீயணைப்புத் துறையில்) வேலை செய்யும் நண்பன் சொன்னான். ஒட்டுக்கடையில் உட்கார்ந்தால் இதே பேச்சுதான். ஒருவர் இந்தோனேசியாவிலிருந்து வருகிறது என்கிறார். இன்னொருவர் எல்லாம் செம்பனை (எண்ணெய்ப் பனை) கம்பெனிக்காரன் வேலை என்கிறார். மூன்றாவது ஆள், "காட்டை வெட்டியதே நம் தாத்தன் பாட்டன்தானே, இப்போது யாரைக் குறை சொல்கிறாய்" என்று ஒரே போடாகப் போட்டார்.

என் தங்கை படிவம் 5. பள்ளியில் மழைக்காட்டு அழிவின் காரணங்களும் விளைவுகளும் பற்றி விவாதப் போட்டி வைத்திருக்கிறார்கள். தேடினால் அமேசான், மாட்டுப் பண்ணை, சோயா என்றுதான் வருகிறது. நம் பக்கத்துக் கதையைத் தமிழில் யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் எழுதுங்கள். சும்மா திட்டுவதற்கு வேறு இழைகள் இருக்கின்றன.

உயிரியல்_டீச்சர்

தம்பி, முதலில் புகையைப் பேசிவிடுவோம். இந்தோனேசியப் புகை மூடிய ஆண்டுகள் உண்டு: 1997, 2015, 2019. 2005 ஆகஸ்டில் காற்றுத் தூய்மைக் குறியீடு 500ஐத் தாண்டி, நம் கோலசிலாங்கூரிலும் போர்ட் கிள்ளானிலும் அவசரநிலையே அறிவித்தார்கள். அதில் சுமத்ராப் புகையின் பங்கு பெரிது. ஆனால் எல்லாப் புகைக்கும் கடல் தாண்டிப் போக வேண்டியதில்லை. நம் ஊருக்கு வடக்கே ராஜா மூசா, அதை ஒட்டி சுங்கை காராங். இந்த வட சிலாங்கூர் சதுப்புக்காடு 70,000 ஹெக்டருக்கும் மேல். அதன் தரை முழுக்க காம்புட் மண். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக விழுந்த இலையும் கட்டையும் தண்ணீரில் மூழ்கி, காற்றுப் படாததால் மக்காமல் அடுக்கடுக்காகச் சேர்ந்தது. ஈரம் இருக்கும்வரை அதில் தீ பிடிக்காது.

அந்த ஈரம் எப்படிப் போனது என்பதில்தான் கதை இருக்கிறது. பல பத்தாண்டுகள் அங்கே மரம் வெட்டினார்கள். சதுப்பில் லோரி போகாது. அதனால் வாய்க்கால் தோண்டி, மரத்தை அதில் மிதக்கவிட்டு வெளியே கொண்டுவந்தார்கள். மரம் போய்விட்டது, வாய்க்கால் அப்படியே இருக்கிறது. அது இன்றும் காட்டுத் தண்ணீரை வெளியே இழுத்துக்கொண்டிருக்கிறது. வறண்ட மாதங்களில் ஓரத்தில் நிலம் பிடிக்கிறவர் ஒருவர் கொளுத்தினால் போதும்.

மாணவர்களோடு ஒருமுறை அந்த ஓரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கொழுந்துவிட்டு எரியும் தீ என்று எதுவும் கண்ணில் படாது. மண் வெடிப்பிலிருந்து வெளுத்த புகை கசியும். சப்பாத்து வழியாகச் சூடு ஏறும். பச்சையாக நிற்கிற மரம் காற்றே இல்லாமல் சாயும். கிட்டப்போய்ப் பார்த்தால் வேர் எல்லாம் வெந்து கரியாகியிருக்கும். தீ அடியில் கங்காக நகர்கிறது. பொம்பாக்காரர்கள் மேலே தண்ணீர் ஊற்றிப் பயனில்லை, மண் ஊறுகிறவரை அடிக்க வேண்டும். நல்ல மழை பெய்து நீர்மட்டம் ஏறினால்தான் முழுசாக அணையும்.

2008 முதல் வனத்துறையும் தொண்டு அமைப்புகளும் சேர்ந்து அந்த வாய்க்கால்களை அடைத்து, மாகாங் கன்றுகள் நட்டு வருகிறார்கள். அடைத்த இடங்களில் மண் ஈரமாக நிற்கிறது. தங்கைக்கு முதல் குறிப்பு இதுதான்: மரத்தை வெட்டுவது ஒரு நாள் வேலை, வெட்டுவதற்காகத் தோண்டிய வாய்க்கால் 30, 40 ஆண்டு கழித்தும் காட்டைக் கொல்லும்.

செம்பனைக்காரன்

வணக்கம். நான் செம்பனைத் தோட்டத்தில் மேற்பார்வை வேலை பார்ப்பவன். இப்படி ஒரு பேச்சு தொடங்கினாலே கடைசியில் பழி செம்பனைமேல் வந்து விழும், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஒரு ஹெக்டர் செம்பனை ஆண்டுக்கு மூன்றரை, நான்கு டன் எண்ணெய் தருகிறது. சோயா அரை டன்கூடத் தராது, சூரியகாந்தி முக்கால் டன். செம்பனையை நிறுத்திவிட்டு உலகம் சோயா எண்ணெய்க்குப் போனால் அந்த நிலத்தை எங்கிருந்து எடுப்பார்கள்? அமேசானிலிருந்துதான். அடுத்தது, தீபகற்பத்துப் பழைய தோட்டங்களில் பெரும்பாலும் கித்தா (ரப்பர்) மரத்தைச் சாய்த்துவிட்டுத்தான் செம்பனை வைத்தார்கள். என் அப்பா பால் வெட்டிய நிரையில்தான் நான் இன்று குலைக்கணக்கு எழுதுகிறேன். நடுவில் புதிதாக எந்தக் காடும் அழியவில்லை.

தீ வைப்பதைப் பற்றியும் சொல்கிறேன். மறுநடவில் இப்போது யாரும் கொளுத்துவதில்லை. பழைய மரத்தை எஸ்கவேட்டரால் சாய்த்து, துண்டுதுண்டாகச் சீவி, வரிசைக்கு நடுவே குவித்து மக்கவிடுகிறோம். சட்டமும் விடாது, கம்பெனியும் விடாது. எலிக்கு விஷம் வைப்பதைக் குறைக்க ஆந்தைக்குப் பெட்டி கட்டி வைக்கிறோம். மலேசிய நிலைத்தன்மைச் சான்றிதழ் 2020 முதல் கட்டாயம். ஓரத்தில் பத்து ஏக்கர் பிடித்துக் கொளுத்துகிறவனையும் எங்களையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

ஓய்வுகிராணி

செம்பனைக்காரத் தம்பி சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். கித்தா இருந்த இடத்தில் செம்பனை வந்தது உண்மை. ஆனால் கித்தாவுக்கு முன்னால் அந்த இடத்தில் என்ன இருந்தது என்று யாராவது கேட்க வேண்டுமே.

நம் ஊர்க்காரர்களுக்கே பலருக்குத் தெரியாது, மலாயாவின் முதல் செம்பனை வணிகத் தோட்டம் நமக்குப் பக்கத்தில் இருக்கிற தென்னமரம் எஸ்டேட்தான். ஆன்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுத் துரை 1917இல் நட்டார். அதற்கு முன் அங்கே காப்பி வைத்து, அது சரியாக வரவில்லை. ஆக ஒரே மண்ணில் முதலில் காடு, பிறகு காப்பி, பிறகு செம்பனை. சிலாங்கூர் முழுக்க இதே வரிசைதான், சில இடத்தில் நடுவில் கித்தா. 1890களில் காப்பிக்காகக் காடு திறந்தார்கள். காப்பி விலை விழுந்ததும் கித்தா. 1910இல் லண்டனில் கித்தா விலை எகிறியபோது மலையும் சதுப்பும் பாராமல் திறந்தார்கள்.

அதற்கும் முன்னால் ஒரு கதை உண்டு. கடலுக்கடியில் தந்திக் கம்பி போட ஆரம்பித்த காலத்தில், கம்பிக்கு மேலே சுற்றும் உறைக்கு டாபான் மரத்துப் பால் வேண்டியிருந்தது. அந்த மரத்தைக் கித்தா மாதிரி சீவினால் பால் கொஞ்சம்தான் வரும். அதனால் மரத்தையே சாய்த்து, பட்டையில் வளையம் வளையமாக வெட்டி எடுத்தார்கள். லண்டனுக்கும் பம்பாய்க்கும் தந்தி போக நம் காட்டில் மரம் விழுந்தது. அப்போது ஒரு செம்பனைகூட இங்கே இல்லை. எங்கோ ஒரு சந்தையில் ஒரு பொருளுக்கு விலை ஏறும், இங்கே காடு இறங்கும். பொருளின் பெயர் மட்டும் மாறிக்கொண்டே வருகிறது.

ஒட்டுக்கடை மூன்றாவது ஆளுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். "காட்டைத் திருத்தி நாட்டை உருவாக்கினோம்" என்று நாமே மேடையில் பெருமையாகப் பேசுகிறோம், பிறகு அதே வாயால் நம்மையே குற்றம் சொல்லவும் பயன்படுத்துகிறோம். நடந்தது என்னவென்றால், பல தோட்டங்களில் பெருமரம் சாய்க்கும் குத்தகையை மலாய்க்காரர், ஜாவாக்காரர், சீனர் எடுத்தார்கள். கொளுத்திய பிறகு உள்ளே போனது நம்மவர். வேர் கிளப்புவது, அல்லூர் (வடிகால்) வெட்டுவது, லாலான் புல் பிடுங்குவது, குழி போட்டு நடுவது எல்லாம் நம்மவர் வேலை. எந்தக் காட்டைத் திறப்பது என்று லண்டன் கம்பெனி முடிவு செய்தது, நிலத்தைக் காலனி அரசு எழுதிக் கொடுத்தது. கங்காணியோடு வந்த ஆளுக்குக் கப்பல் எந்தத் துறையில் நிற்கும் என்றுகூடத் தெரியாது. அவரைக் கூண்டில் ஏற்றுவது என்ன நியாயம்?

பெர்ஜுந்தை_பையன்

கிராணி ஐயா, இது நாங்கள் கேள்விப்படாத கதை. காடு திறந்ததால் அந்தக் காலத்தில் அங்கே இருந்தவர்களுக்கு என்ன ஆனது? விளைவு என்றாலே புலி, யானை, வெப்பம் என்றுதான் தங்கை எழுதி வைத்திருக்கிறாள்.

ஓய்வுகிராணி

ஜுரம். கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள்.

1901இல் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக மால்கம் வாட்சன் என்பவர் வந்தார். தோட்டம் தோட்டமாக மலேரியாவை ஆராய்ந்தவர். அவர் பார்த்தது விசித்திரமான விஷயம். கிள்ளான் பக்கம் மாதிரி கடலோரச் சமதளத்தில் காடு வெட்டி, அல்லூர் எடுத்துத் தண்ணீரை வடித்தால் மலேரியா குறைந்தது. அங்கே நோய் பரப்பிய கொசு நிழலான சதுப்பில் முட்டையிடும் இனம். அதே வேலையை உள்ளே மலையடிவாரத் தோட்டங்களில் செய்தபோது மலேரியா கூடியது. காரணம், மலையடிவாரத்தில் இருந்தது வேறு கொசு, மாக்குலாட்டஸ். அதற்கு வெயில் படுகிற தெளிந்த ஓடை வேண்டும். காடு மூடியிருந்தவரை ஓடையில் வெயில் இல்லை, கொசுவும் பெருகவில்லை. மரத்தைச் சாய்த்ததும் ஒவ்வொரு ஓடையும் கொசுப் பண்ணையாகிவிட்டது. லயத்தை அந்த ஓடைக்குப் பக்கத்தில்தானே கட்டுவார்கள், தண்ணீர் மொள்ள வசதி என்று.

பிறகு ஓடைகளை மண்ணுக்கடியில் குழாய் வழியாக விட்டார்கள், மிச்சத்துக்கு எண்ணெய் அடித்தார்கள். பழைய தோட்டங்களில் முதுகில் தகரத்தைக் கட்டிக்கொண்டு அல்லூர் அல்லூராகக் கொசு எண்ணெய் அடிக்கிற ஆள் ஒருவர் எப்போதும் இருப்பார். என் பெரியப்பாவுக்கு அதுதான் வேலை. வீட்டுக்கு வந்தால் சட்டையை வெளியே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள்.

தங்கை இதைச் சொன்னால் நடுவர் நிமிர்ந்து உட்காருவார். காட்டை அழிப்பதன் முதல் விளைவு அங்கே வேலை செய்தவன் உடம்பில் தெரிந்தது.

தாவாவ்_லோரி

பிழைப்புக்காக சபா வந்து லோரி ஓட்டுகிற பேராக்காரன் எழுதுகிறேன். ஐயா சொன்ன ஜுரம் இங்கே இன்னும் ஓயவில்லை, ஆள்தான் மாறியிருக்கிறது. இப்போது குரங்கு மலேரியா. குரங்குகளிடம் இருக்கிற நோலெசி என்ற கிருமி கொசு வழியாக மனிதனுக்கு வருகிறது. பழைய மனித மலேரியா 2018 முதல் நாட்டுக்குள் பரவுவதில்லை என்கிறார்கள், ஆனால் இது ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வருகிறது. காட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவில் உள்ள ஓரத்தில் வேலை செய்கிறவர்களைத்தான் அதிகம் பிடிக்கிறது. காடு சுருங்கினால் குரங்கு தோட்டத்துக்கு வரும், கொசுவும் கூடவே வரும்.

காண்டாமிருகம் பற்றியும் எழுதிவிடுகிறேன். மலேசியாவின் கடைசி ஆண் சுமத்ரா காண்டாமிருகம் 2019 மே மாதம் இங்கே செத்தது, கடைசிப் பெண் அதே ஆண்டு நவம்பரில். வேட்டையும் காரணம், காடு துண்டுதுண்டானதும் காரணம். மிச்சம் இருந்தவை ஒன்றை ஒன்று சந்திக்கவே முடியாமல் போய்விட்டது.

வக்கீல்_குமாஸ்தா

எல்லாரும் மண்ணையும் மரத்தையும் பேசுகிறீர்கள், தாளைப் பற்றி நான் பேசுகிறேன். இன்றைக்கு இந்த நாட்டில் காடு முதலில் தாளில்தான் அழிகிறது.

1992இல் ரியோ மாநாட்டில், நிலப்பரப்பில் பாதிக்குக் குறையாமல் காடு வைத்திருப்போம் என்று மலேசியா வாக்குக் கொடுத்தது. இன்றும் 54, 55 விழுக்காடு, சுமார் 1 கோடியே 80 லட்சம் ஹெக்டர் காடு இருப்பதாக அரசு சொல்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்குக்குள் வனத் தோட்டமும் அடக்கம். காப்புக்காட்டில் மெரந்தி, கெருயிங், செங்கால் எல்லாம் நின்ற இடத்தை மொட்டையடித்து, மரத்துக்கும் பாலுக்கும் பயன்படும் கித்தா இனத்தை வரிசையாக நடுகிறார்கள். தாளில் அது இன்னும் காப்புக்காடுதான். செம்பனைக்கு மாற்றினால் காட்டுக் கணக்கிலிருந்து கழியும், கித்தா வைத்தால் கழியாது. செம்பனைக்காரரே, உங்கள் பயிரைவிட இது சாமர்த்தியமான வேலை.

இரண்டாவது, நிலமும் காடும் மாநிலத்தின் அதிகாரம் என்று அரசியலமைப்பு சொல்கிறது. வருமான வரி, கம்பெனி வரி எல்லாம் புத்ராஜெயாவில் உள்ள மத்திய அரசுக்குப் போகிறது. மாநிலத்துக்குக் கையில் மிஞ்சுவது நிலவரி, நிலப் பிரிமியம், மரத்துக்கும் சுரங்கத்துக்கும் ராயல்டி. காடு நிறைய வைத்திருக்கிற மாநிலத்தின் மந்திரி பெசார் (முதலமைச்சர்) சம்பளம் கொடுக்கக் காசு வேண்டுமென்றால் எதை விற்பார்? காட்டைக் காத்தால் மத்திய அரசு பணம் தரும் திட்டம் 2019இல்தான் வந்தது, முதலில் 6 கோடி வெள்ளி (ரிங்கிட்). அத்தனை மாநிலங்களுக்கும் பங்கு போட்டால் அது ஒரு நல்ல மர ஏலத்துக்கு ஈடாகாது. யாரும் கெட்டவராக இருக்கவே தேவையில்லை, இந்த ஏற்பாடு தானாகவே காட்டைத் தின்னும்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சம்பவம்: 2019 ஜனவரியில் மத்திய அரசே கிளந்தான் மாநில அரசுமேல் வழக்குப் போட்டது. போஸ் சிம்போரில் வாழும் தெமியார் பூர்வகுடிகளின் பரம்பரை நிலத்தில் டுரியான் தோட்டத்துக்குக் காடு அழிக்கப்படுகிறது என்று, அவர்கள் சார்பாக.

பெர்ஜுந்தை_பையன்

அண்ணே, அப்போது பொதுமக்கள் ஒன்றும் செய்ய முடியாதா? தாளில் அடித்துவிட்டால் முடிந்ததா?

வக்கீல்_குமாஸ்தா

சிலாங்கூரில் கொஞ்சம் முடியும். 2011இல் நம் மாநிலம் சட்டத்தைத் திருத்தி, காப்புக்காட்டை அரசிதழிலிருந்து நீக்குவதற்கு முன் பொதுமக்களைக் கேட்க வேண்டும் என்று வைத்தது. 2020 பிப்ரவரியில் கோல லங்காட் வடக்கு சதுப்புக்காட்டில் 930 ஹெக்டருக்கு மேல் நீக்கும் அறிவிப்பு நாளிதழில் வந்தது இந்தச் சட்டப்படிதான். எதிர்ப்பு பத்தாயிரக்கணக்கில் குவிந்தது. அந்தக் காட்டை ஒட்டித் தெமுவான் மக்களின் கிராமங்கள் இருக்கின்றன. சட்டமன்றத்திலேயே காக்க வேண்டும் என்று பேசினார்கள். அப்படியிருந்தும் 2021இல் அதில் பாதிக்கு மேல் சத்தமில்லாமல் நீக்கப்பட்டது வெளியே வந்தது. மறுபடி கொதித்தார்கள். 2021 செப்டம்பர் 8ஆம் தேதி மாநில அரசு நீக்கத்தை ரத்து செய்தது.

2022இல் நாடாளுமன்றமும் 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டத்தைத் திருத்தி, நீக்கும் முன் பொது விசாரணை, நீக்கினால் ஈடாக வேறு நிலம் என்று வைத்தது. ஆனால் மாநிலம் அதைத் தன் சட்டமாக ஏற்றால்தான் அங்கே செல்லும். மறுபடி பழைய கதைக்கே வந்துவிட்டோம்.

ரவூப்_டுரியான்

டுரியான் பெயர் அடிபட்டதால் உள்ளே வருகிறேன். ஆமாம், முசாங் கிங் ரக டுரியான் விலைதான் பகாங்கில் இப்போது காட்டுக்கு எமன். 2019இல் சீனா முழுப் பழத்தை உறையவைத்து வாங்க அனுமதி கொடுத்தது, 2024இல் புதுப்பழத்துக்கும் கொடுத்தது. ஒவ்வொரு செய்தி வரும்போதும் எங்கள் பக்கம் நாற்றுக்கடையில் கூட்டம் நிற்கும்.

மேட்டு நிலத்தில் டுரியானுக்குப் படிக்கட்டுப் படிக்கட்டாக வெட்டுவார்கள். செம்மண் அப்படியே திறந்து கிடக்கும். நான் என் நிலத்திலேயே பார்த்தது: பக்கத்து மேட்டில் காடு இருந்தவரை பெருமழை பெய்தாலும் ஓடை கலங்கி, சாயங்காலத்துக்குள் தெளிந்துவிடும். மேட்டை வெட்டிய பிறகு அரைமணி மழைக்கே தேநீர் நிறத்தில் பொங்கி வருகிறது, மறுநாள் மதியம் ஓடையில் காலடி நனைகிற அளவுகூடத் தண்ணீர் இல்லை. என் டுரியானுக்கு நீர் பாய்ச்சுவது அந்த ஓடைதான், அதனால் பிழைப்புக்கே கேடு. யாரிடம் போய்ச் சொல்வது? மேட்டுக்காரனிடம் எல்லாப் பத்திரமும் இருக்கிறது.

2021 டிசம்பர் வெள்ளத்தில் பெந்தோங், காராக் பக்கம் ஆற்றோடு மரக்கட்டைகள் உருண்டு வந்து பாலத்தில் அடைத்துக்கொண்டதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அடுத்த ஆண்டு ஜூலை 4, கெடாவில் பாலிங் குப்பாங். குனோங் ஈனாசிலிருந்து சேறும் மரமுமாக இறங்கி மூன்று பேர் செத்தார்கள். மேலே டுரியானுக்குக் காடு வெட்டியது காரணம் என்று ஊர் சொன்னது, கனமழையும் நிலச்சரிவும்தான் என்று அதிகாரிகள் சொன்னார்கள்.

செம்பனைக்காரன்

இதைத்தான் சொல்ல வந்தேன். எல்லா வெள்ளத்தையும் காட்டு அழிவின் கணக்கில் எழுதாதீர்கள். 2021 டிசம்பரில் ஒரு மாதத்து மழை ஒரே நாளில் பெய்தது. ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதற்கு மேலே எந்த மலைக்காடு காரணம்? தாழ்வான இடத்தில் வீடு கட்டி விற்றவனைக் கேளுங்கள்.

உயிரியல்_டீச்சர்

அவர் சொல்வது பாதி சரி, தங்கை இந்த இடத்தில் கவனமாகப் பேச வேண்டும். அவ்வளவு பெரிய மழையை எந்தக் காடும் முழுசாகத் தாங்காது. ஆனால் அன்றாட மழையிலும் நடுத்தர மழையிலும் காட்டின் வேலை கண்கூடு. மழையில் ஒரு பங்கு இலைத்தளத்திலேயே தங்கி ஆவியாகிவிடும். மிச்சம் வேர் துளைத்த மண்ணுக்குள் மெதுவாக இறங்கி, வாரக்கணக்கில் ஓடைக்குக் கசியும். புல்டோசர் ஏறி இறுகிய மண்ணில் தண்ணீர் இறங்காது, மேலாக ஓடும். மேல்மண்ணையும் அள்ளிக்கொண்டு போகும். அதனால்தான் ரவூப் அண்ணன் ஓடையில் வெள்ளமும் வறட்சியும் ஒரே வாரத்தில் வருகின்றன. அந்த மண் ஆற்றடியில் படிந்து ஆழம் குறைந்தால், அடுத்த மழைக்கு ஆறு சீக்கிரம் கரை மீறும்.

நம் வீட்டுக்குழாயும் இதில் மாட்டியிருக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பாதிக்கு மேல் சிலாங்கூர் ஆற்றிலிருந்து போகிறது, அந்த ஆறு நம் ஊர் ஓரமாகத்தான் ஓடுகிறது. தஞ்சோங் காராங் வயல்களுக்கும் இந்தச் சதுப்புக்காடு தேக்கி வைத்து விடுகிற தண்ணீர் போகிறது. காம்புட் மண்ணை வடித்துவிட்டால் அது ஆண்டுக்கு ஏறக்குறைய 5 செண்டிமீட்டர் அமிழ்ந்துகொண்டே போகும், வடித்த முதல் சில ஆண்டுகளில் அதைவிட வேகமாக. அமிழ்வது வெறும் மண் இல்லை, காற்றில் கரியமில வாயுவாகப் போகிறது. கடலோரச் சதுப்பு அமிழ்ந்து கடல்மட்டத்துக்கு வந்தபின் அங்கே செம்பனையும் நிற்காது.

கோலசிலாங்கூர் கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கப் படகில் போயிருப்பீர்கள். அவை கூடுவது ஆற்றோர பெரெம்பாங் மரத்தில். குஞ்சுப்புழு வளர்வது அதற்குப் பின்னால் உள்ள ஈரமண்ணில், நத்தையைத் தின்று. மரத்தை விட்டுவைத்து, பின்னால் உள்ள நிலத்தை மட்டும் வெட்டினாலும் மின்மினி போய்விடும். சுற்றுலாப் படகுக்காரர் வருமானமும் அதோடு போகும்.

இன்னொன்று, வெப்பமண்டலக் காட்டைப் பார்த்து மண் செழிப்பு என்று நினைப்பார்கள். செழிப்பு பெரும்பாலும் மரத்துக்குள்தான் இருக்கிறது. இலை விழுந்து சில மாதத்தில் மக்கி மறுபடி வேருக்குப் போய்விடும், மண்ணில் தங்காது. வெட்டிக் கொளுத்தினால் சாம்பலில் ஓரிரு போகம் விளையும், பிறகு உரமூட்டை இல்லாமல் ஒன்றும் வராது. உங்கள் தோட்டத்து உரச்செலவு என்ன என்று செம்பனைக்காரரே சொல்லட்டும்.

செம்பனைக்காரன்

உரச்செலவைக் கேட்டு வயிற்றெரிச்சலைக் கிளப்பாதீர்கள் டீச்சர். அதைக் காரணம் காட்டித்தான் சம்பள உயர்வு கேட்டால் கைவிரிக்கிறார்கள்.

பெர்ஜுந்தை_பையன்

எதிரணி "வளரும் நாடு, வேறு வழியில்லை, ஏழைகளுக்கு வேலை வேண்டும்" என்று பேசப்போகிறதாம். அதற்கு என்ன பதில்?

உயிரியல்_டீச்சர்

பிரேசில். அமேசானில் 2004ஆம் ஆண்டு மட்டும் 27,772 சதுர கிலோமீட்டர் காடு அழிந்தது. 2012இல் அது 4,571 ஆகக் குறைந்தது. இரண்டும் அந்த நாட்டு விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. இடையில் சோயாவும் மாட்டிறைச்சியும் குறையவில்லை, கூடின. துணைக்கோள் படத்தை வைத்து அன்றன்றே ஆளனுப்பினார்கள், காடழித்த ஊர்களுக்கு வங்கிக் கடனை நிறுத்தினார்கள், புதிதாக வெட்டிய நிலத்துச் சோயாவை வாங்க மாட்டோம் என்று வியாபாரிகள் 2006இல் ஒப்பந்தம் போட்டார்கள். பிறகு பிடியைத் தளர்த்தியதும் 2021இல் 13,000ஐத் தாண்டியது. அரசு நினைத்தால் குறையும், கண்ணை மூடினால் ஏறும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

காங்கோவில் நிலை வேறு. அங்கே சிறுவிவசாயமும் விறகுக்கரியும் பெரிய காரணம், மக்களுக்கு மின்சாரமும் எரிவாயுவும் இல்லை. அதனால் எல்லா நாட்டுக்கும் ஒரே காரணம் சொல்லக் கூடாது. உலகக் கணக்கு கேட்டால்: 1990 முதல் 2020 வரை 42 கோடி ஹெக்டர் காடு வேறு பயன்பாட்டுக்கு மாறியது என்கிறது ஐ.நா. உணவு வேளாண் நிறுவனம். 2024இல் வெப்பமண்டல முதுகாட்டில் 67 லட்சம் ஹெக்டர் போனது, அந்த ஆண்டு தீதான் முதல் காரணம்.

ஓய்வுகிராணி

ஏழைகளுக்கு வேலை என்ற வாதத்துக்கு நானும் ஒரு பதில் வைத்திருக்கிறேன். 1956இல் பெல்டா என்ற நிலக் குடியேற்றத் திட்டத்தைத் தொடங்கி, ஜெங்கா மாதிரி இடங்களில் பெருங்காடு திறந்து, நிலமில்லாதவர்களுக்குக் கொடுத்தார்கள். அது ஒரு கொள்கை, அதனால் லட்சக்கணக்கானோர் தலையெடுத்தார்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அங்கே நம்மவர் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அதே காலத்தில் வெள்ளைக்காரத் துரைகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்க, நம்மவர் லயத்தை விட்டுத் துரத்தப்பட்டார்கள். அதைத் தடுக்கத்தான் அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தொழிலாளர் காசிலேயே தோட்டம் வாங்கினார். நான்கு தலைமுறை காட்டு நிலத்தில் உழைத்தவனுக்குக் காடு போனதில் பங்கு உண்டு, அந்த நிலத்தில் பங்கு இல்லை.

இன்றைக்கு வனத் தோட்டத்துக்கோ டுரியானுக்கோ காடு வெட்டினால் யாருக்கு வேலை? வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர், பெர்மிட் முடிந்தால் போய்விடுவார்கள். கீழே வெள்ளத்தில் நனைகிற பாயும் புகையில் இருமுகிற பிள்ளையும் உள்ளூர்க்காரருடையது. எதிரணியிடம் தங்கை ஒரே கேள்வி கேட்கட்டும்: வருமானம் யாருக்கு, செலவு யாருக்கு?

வக்கீல்_குமாஸ்தா

தம்பி, புகைக்கு உடனே செய்ய வேண்டியது: தீயைக் கண்டால் 999, யாராவது கொளுத்துவதைப் பார்த்தால் சுற்றுச்சூழல் இலாகாவுக்குப் புகார், இடத்தின் படமும் நேரமும் சேர்த்து. காப்புக்காடு நீக்கம் பற்றி நாளிதழில் அறிவிப்பு வந்தால் மறுப்புக் கடிதம் கொடுக்கக் குறித்த கால அவகாசம் இருக்கும், தவறவிடக் கூடாது. கடிதத்தில் பெயர், அடையாள அட்டை எண், முகவரி, காப்புக்காட்டின் பெயர், எந்த நிலத்துண்டு, உங்களுக்கு என்ன பாதிப்பு என்று தெளிவாக வேண்டும். "காடு அழகானது" என்றெல்லாம் எழுதாதீர்கள். அம்மாவின் இருமலையும் மருத்துவச் சீட்டையும் வையுங்கள். மலாய் மொழியில் இருந்தால் நல்லது.

செம்பனைக்காரன்

மலாயில் நான் எழுதித் தருகிறேன், அலுவலகத்தில் தினமும் அந்த வேலைதான். வாய்க்கால் அடைப்பைப் பார்க்க தங்கையைக் கூட்டிக்கொண்டு போவதென்றால் வனத்துறையிடம் அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள், முழங்கால்வரை சப்பாத்து போட்டுக்கொள்ளுங்கள், அட்டை உண்டு. ஆனால் மேடையில் அந்தப் பிள்ளை எல்லாப் பழியையும் செம்பனைமேல் போட்டால் இந்த இழைக்கே மறுபடி வந்து சண்டை போடுவேன்.